இரண்டு மணிக்கு அணையும் அடுப்பு

பிரான்சின் லுவார் ஆற்றங்கரை சைக்கிள் பாதையில் கார்கள் கிடையாது. அந்தக் குறையை ஃபிர்மேன் தன் சைக்கிள் வேகத்தால் தீர்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மணியானால் அந்தப் பக்கத்தின் ஒரே உணவகத்தில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அடுத்த சாப்பாடு இரவில்தான்.

வழியில் ஒரு பெண் பஞ்சரான சைக்கிளோடு நின்றாள். கூட வந்த மனைவி ஒடில் உதவ இறங்கிவிட்டாள்.

"போச்சு! நீ ஊருக்கே பஞ்சர் ஒட்டு, நான் பட்டினி கெடக்கேன்" என்று ஒடிலின் காதருகே முணுமுணுத்தான்.

"வாயை மூடிட்டு பம்பைக் குடு."

ஒட்டி முடித்ததும் ஃபிர்மேன் முன்னால் பறந்தான். போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டேகால். உணவகம் பூட்டியிருந்தது. வாசலில் சிலர் பசியோடு பூட்டை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, உன் தர்ம சிந்தனையை!" என்று பின்னால் வந்த ஒடிலிடம் பொங்கினான்.

அவளோடு வந்த அந்தப் பெண், பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

"மன்னிச்சுக்கங்க, சந்தையிலேர்ந்து வர்ற வழியில டயர் காலை வாரிடுச்சு. ஒட்டிக் குடுத்தவங்க முதல்ல உட்காருங்க. இதோ, அடுப்பைப் பத்தவைக்கிறேன்."

ஃபிர்மேன் மனைவியின் தோளைத் தட்டினான்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல, அடுத்தவங்களுக்கு உதவணும்னு!"