எண்பத்து நாலாயிரம்

"ரிப்போர்ட் வந்திருக்கும்மா. எனக்கு ஒண்ணும் புரியல. நீ நர்ஸாச்சே, கேட்டுட்டு என்னன்னு சொல்லேன்" என்றாள் மூத்தவள், போனில்.

இளையவள் வார்டை விட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட இருவரும் ஒன்பது வருஷமாக ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வேண்டுமென்று, ஞாயிற்றுக்கிழமை லேப் ஆள் வீட்டுக்கே வந்து நான்கு பேருக்கும் ரத்தம் எடுத்துப் போயிருந்தான். இளையவளுக்கு ஊசி குத்திய இடம் இன்னும் கன்றிப்போய் நீலமாகக் கிடந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே, "படிங்கக்கா" என்றாள்.

"வெள்ளையணுன்னு போட்டிருக்கு. நாலாயிரத்துலேருந்து பதினோராயிரம் வரைக்கும் இருக்கலாமாம். இதுல எண்பத்து நாலாயிரம்! சிவப்புல வேற கோடு போட்டிருக்காங்க."

தேய்த்த விரல் நின்றது.

சளி, காய்ச்சல் என்றால் பதினைந்தாயிரம் வரலாம். பல்லில் சீழ் வைத்தால் இருபதுகூடத் தாண்டும். எண்பத்து நாலாயிரம் அந்த ரகம் இல்லை. இன்றைக்கே பெரிய டாக்டரிடம் ஓட வேண்டிய எண் அது.

சொல்ல வாயெடுத்தாள். தன் அப்பாவின் ஞாபகம் வந்தது.

ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை என்று ஒருநாள் காலையில் வீட்டுக்குப் போன் வந்தபோது, எடுத்தவள் மூத்தவள். அன்று வீட்டில் விருந்து. வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக் கிளம்பும்வரை அவள் மூச்சுவிடவில்லை.

சாயங்காலம் சொன்னாள். இளையவள் அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். ஆறு வருஷமாகியும் அந்தக் கோபத்தை அவளால் துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

"என்னம்மா, பயப்படற மாதிரியா?"

"சேச்சே! லேசா சளி இருந்தாலே இது கூடும்க்கா. தானா இறங்கிடும்."

"டாக்டர்கிட்டக் காட்ட வேணாமா? நாளைக்கே போயிட்டு வந்துடலாமே?"

"எதுக்கு வீணா அலைச்சல்? போனா அந்த டெஸ்ட், இந்த டெஸ்ட்னு இழுத்தடிப்பாங்க. ஒரு மூணு மாசம் போகட்டும், பாத்துக்கலாம்."

குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நேரம் கடந்தபின் தெரிந்துகொள்வது எப்படி இருக்கும் என்று நீயும் அனுபவித்துப் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"என் மேல சத்தியமா ஒண்ணும் இல்லையே?"

"உங்க மேல சத்தியமா ஒண்ணும் இல்லக்கா."

மறுமுனையில் மூத்தவள் பொங்கிப் பொங்கி அழுதாள். அழட்டும் என்று இளையவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"அப்பாடா! காலையிலேருந்து பச்சைத் தண்ணி இறங்கலம்மா எனக்கு. நீ பயந்துடுவியேன்னுதான் மொதல்லயே சொல்லல. என்னுது நாளைக்குத்தான் வருமாம்..." மூத்தவள் மூக்கை உறிஞ்சினாள். "இது உன் ரிப்போர்ட்."