மாத்திரை நாள்

இன்றைக்குப் பார்த்து இந்த மனுஷன் ஏன் இவ்வளவு நல்லவனாக இருக்கிறான்?

மலர்க்கொடி வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடி, மாத்திரைப் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். இன்னொரு காது டில்லிபாபுவின் கையில் இருந்தது.

"குடு மலரு. நான் போய் லைன்ல நின்னு வாங்கிகினு வரேன். நீ காலை நீட்டி உக்காரு."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவன் அவளைக் காலை நீட்டி உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையே லீவு கிடையாது. இன்று புதன்கிழமை. வண்டிக்கு எஃப்.சி. வேலை, வீட்டில் இரு என்று முதலாளி சொல்லிவிட்டார். நல்ல மனசு சும்மா இருக்குமா? விடிந்ததும் பால் வாங்கி வந்தது. சின்னவனுக்கு ஷூ மாட்டிவிட்டது. இப்போது பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

மாதத்தின் இரண்டாவது புதன் மலர்க்கொடிக்கு மாத்திரை நாள். அப்பா பக்தவச்சலத்துக்குச் சர்க்கரை மாத்திரை, மாமியார் ரமாபாய்க்குப் பிரஷர் மாத்திரை. ஒன்பது மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வர மதியம் ஒரு மணி ஆகும். தண்டையார்பேட்டைக் குடியிருப்பின் அந்த இரண்டாம் மாடி வீட்டில் இது எல்லோருக்கும் மனப்பாடம்.

மற்ற நாளெல்லாம் யாராவது அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்பாவை எழுப்பி உட்காரவைக்க வேண்டும். மாமியாருக்கு வெந்நீர். மகள் மகிழினிக்குப் பத்தாம் வகுப்பு. சின்னவனுக்கு எப்போதும் பசி. நடுவில் தையல் மிஷினில் பாதி தைத்த ரவிக்கைகள். குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே ஒரு குரல் காத்திருக்கும்.

மாத்திரை நாளில் மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. போன்கூட அடிப்பதில்லை. பாவம், வரிசையில் நிற்கிறவளைத் தொந்தரவு செய்யலாமா?

அன்றைக்கு அலாரம் அடிக்கும் முன்பே எழுந்துவிடுவாள். தாளிக்கும்போது பாட்டு வரும். தலையை இறுக்கிப் பின்னி, கசங்காத புடவையாகப் பார்த்துக் கட்டுவாள். மதியம் படியேறி வருகிறவளின் முகத்தை ரமாபாய் மேலும் கீழும் பார்ப்பாள்.

"லைன்ல நின்னவ மாரியா கீற? கண்ணாலத்துல மொத பந்தி சாப்ட்டு வந்தவ மாரி கீற."

அதற்கும் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும்.

"இன்னா யோசிக்கிற?" டில்லிபாபு விடுவதாக இல்லை. "எனக்கு லைன்ல நிக்கத் தெரியாதா? ஹார்பர் கேட்டாண்ட வண்டியோட மூணு நாள் நின்னவன் நானு."

"மாப்ளதான் சொல்றாரில்ல, வுடும்மா," என்றார் அப்பா கட்டிலிலிருந்து.

அவளுடைய நாலு மணி நேரம் கண்ணெதிரே கைமாறிக்கொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய சங்கடம் பைக்குள் இருந்தது. மாத்திரைப் புத்தகத்துக்குக் கீழே இந்த மாதத்து மாத்திரைகள் ஏற்கெனவே இருந்தன. இரண்டு பேருக்கும், பொட்டலம் பொட்டலமாக.

போன ஆடியிலிருந்து வரிசையே கிடையாது. அரசாங்க மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவந்து கொடுக்கிற வேலை மலிகாவுக்கு. மலர்க்கொடியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். மாதாமாதம் வருவாள், இரண்டு பெரியவர்களுக்கும் பிரஷர் பார்ப்பாள், மாத்திரைக்கு மட்டும் லைன்தான் ஆயா என்று ரமாபாயிடம் முகம் மாறாமல் சொல்வாள். இறங்கும்போது மாடிப்படி வளைவில் வைத்து மலர்க்கொடியின் கையில் பொட்டலங்களைத் திணித்துவிட்டுப் போவாள். பெரியவர்கள் படியிறங்கி வருஷக்கணக்காகிறது. யாரும் அவர்களிடம் போய்ச் சொல்லப்போவதில்லை.

இரண்டாவது புதனில் மலர்க்கொடியும் மலிகாவும் டோல்கேட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கேரம் ஆடுகிறார்கள்.

பள்ளிக்கூட நாளில் மாவட்டப் போட்டி வரை போன ஜோடி. வருஷக்கணக்காகப் பலகையைத் தொடாத விரல், முதல் நாள் ஸ்ட்ரைக்கரைச் சுண்டியபோது வெட்கப்பட்டதுபோல் கோணலாகப் போனது. இரண்டாம் மாதம் வெட்கம் போய்விட்டது. இப்போது அவள் சிவப்புக் காயைக் குழியில் இறக்கி, கையோடு அடுத்த காயையும் போட்டால், சுற்றியிருக்கிற பெண்கள் பெஞ்சைத் தட்டுகிறார்கள். இன்று பத்து மணிக்குக் காசிமேட்டு ஜோடி வருகிறது. மூன்று மாதமாகத் தோற்காத ஜோடி.

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

டில்லிபாபு கோபப்படுகிறவன் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். போய் ஆடிட்டு வா என்பான். அடுத்த மாதமும் அப்படியே சொல்வான். அதற்கடுத்த மாதம் அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கும், மகிழினிக்குப் பரீட்சை வந்திருக்கும். இந்த ஒரு தடவை வேணாமே மலரு என்று அன்பாகத்தான் கேட்பான். அவளும் சரி என்று தலையாட்டிவிடுவாள். தன்னை அவளுக்குத் தெரியும்.

ஆட்டத்தைத் தள்ளிப்போடச் சொல்ல யாருக்கும் வாய் வரும். மாத்திரை வரிசையைத் தள்ளிப்போடு என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வராது.

மலர்க்கொடி இன்னொரு காலையும் செருப்பில் நுழைத்தாள். பையிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் எடுத்துவிட்டாள்.

"வேணாம்," என்றாள். "பதினோரு மணிக்கு நைனாவுக்குக் கஞ்சி. நீ அதப் பாரு. லைன்ல நானே நிக்கிறேன்."