நழுவும் தந்தி

“ரெண்டாவது தந்தி மறுபடி இறங்குது சார்.”

“அது அப்படித்தாம்மா, நடுநடுவுல ஏத்திக்குவேன். நீங்க மைக்கை மட்டும்—”

“கதவு திறக்கப் பத்து நிமிஷந்தான் இருக்கு. அபஸ்வரமாக் கேட்டா ‘மைக்கு சரியில்ல’ன்னு திட்டு எனக்குத்தான் விழும்!”

அரங்கத்தின் மைக்செட்காரம்மா மேடையை விட்டு இறங்குவதாயில்லை. வயலின் வித்வானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“முப்பது வருஷமா இதைத்தான் வாசிக்கிறேன். எனக்கே பாடமா?”

“முறுக்காணியை உள்பக்கமா அழுத்தித் திருகுங்க, நிக்கும்.”

வேண்டாவெறுப்பாகத் திருகினார். தந்தி சொன்னபடி நின்றது.

“இதோட கோணல் எனக்கே பிடிபடல. உங்களுக்கு எப்படி...?”

அவள் மைக்கைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். பள்ளிக்கூடத்துச் சாக்கட்டியைத் தேய்த்துத் தேய்த்து, அந்த ஆணியை வழிக்குக் கொண்டுவந்தவளே அவள்தான். தன் கல்யாணத்துக்கு முந்தின வாரம், கூடப் படித்தவன் கெஞ்சிக் கேட்டானே என்று வயலினை இரவல் கொடுத்தாள். அதோடு வாசிப்பதும் போயிற்று.

வித்வான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். வயலினை மெல்ல அவள் பக்கம் நீட்டினார்.

“ஒரே ஒரு கச்சேரிக்குன்னுதானே குடுத்தே? திருப்பி வாங்க ஏன் வரவே இல்ல?”