பைன் மரம் ஏறி இறங்கிய கதை

மகளின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. பின்வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இரண்டு நாடுகளிலிருந்து ஐம்பது ஆண்டுகளாக வந்திறங்கிய பைன் மரத்தின் அளவு, திரையில் இரண்டு கோடுகளாக ஓடியது.

"எப்பவும் மலைநாட்டு மரந்தான் அதிகம் சார். நடுவுல மூணு வருஷம் மட்டும் தீவு நாட்டு மரம் ஒரேயடியா ஏறியிருக்கு. கப்பல் வாடகை குறைஞ்சிருக்கலாம்."

"சரி, நாலாவது வருஷம் ஏன் தடால்னு விழுந்துச்சு?" என்றார் தேர்வாளர்.

மகள் திரையிலிருந்த கோட்டை மறுபடி பார்த்தாள். "எவ்வளவோ தேடிட்டேன் சார். காரணம் கிடைக்கல."

அப்பாவின் கை தானாக மேலே எழுந்தது. அம்மா வெடுக்கென்று பிடித்து இழுத்தாள்.

"பாவம், திணறுறாளே. நான் சொல்லிடறேன்."

"மானம் போயிடும். பேசாம இருங்க!"

தேர்வாளர் சிரித்தார். "தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னீங்களே, அது போதும்மா. வாழ்த்துகள், டாக்டர்!"

அப்பா பெருமூச்சு விட்டார். அந்த வருஷங்களில் அரசாங்கத்துக்கு மரம் வாங்கும் அதிகாரி அவர்தான். தீவு நாட்டு மர ஆலையில் பலகை காட்டிய பெண்ணைப் பார்க்க மாதம் தவறாமல் பறந்தார். போனவர் வெறுங்கையோடு திரும்ப முடியுமா? ஒவ்வொரு தடவையும் ஒரு கப்பல் மரம் வாங்கினார்.

நாலாவது வருஷம் மரத்துக்குப் பதிலாக அம்மா வந்து இறங்கினாள்.