போதகரின் தட்டு

வீசிக்கொண்டிருந்த விசிறியை அப்படியே நிறுத்திவிட்டாள் ஃபுவாதினோ.

ஞாயிறு ஆராதனை முடிந்து, போதகர் வீட்டில் விருந்து. மேசையில் பெரியவர்கள் சாப்பிட, பின்னால் நின்று ஈ ஓட்டுவது இன்று அவள் முறை. போதகர் எலியாவின் தட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பன்றிக்கறி. அரை மணி நேரமாக மனுஷர் மென்றுகொண்டே இருக்கிறார்!

ஆக்லாந்து போய் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவராம். "தையல் ஆறுறதுக்கு முன்னாடியே சக்கரை இறங்கிடுச்சு, ஊசியை நிறுத்திட்டாங்க. எடை அப்புறந்தான் மெல்லக் குறைஞ்சுது" என்று எல்லாரிடமும் சொன்னவர். அதைக் கேட்டு, இதோ அதே மேசையில் உட்கார்ந்திருக்கும் அவள் புருஷன் செமிசியும் அந்த ஆபரேஷனுக்குச் செவ்வாய்க்கிழமை விமானம் ஏறப் போகிறான்.

சக்கரையால் அவனுக்கு ஏற்கெனவே ஒரு கால்விரல் போயாச்சு. இதில் வயிற்றையும் வெட்ட வேண்டுமா?

போதகர் இளைத்திருக்கிறார்தான், சட்டை தொளதொளக்கிறது. ஹூம், சட்டையையே பெரிதாகத் தைத்துப் போட்டிருப்பார்!

விசிறியைப் பக்கத்தில் நின்றவளிடம் திணித்துவிட்டு, விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். போதகரின் மனைவி மாகெரிட்டா சேப்பங்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேட்பேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுடி."

"ஐயாவுக்கு நெஜமாவே ஆபரேஷன் நடந்துச்சா?"

கத்தி நின்றது. "என்னடி பேச்சு இது?"

"பின்னே என்ன? குருவி மாதிரி கொத்துவார்னு பார்த்தா, வாய் ஓயவே காணோம்! இதை நம்பி என் புருஷனை வெட்டக் கொடுக்கணுமா? செவ்வாய்க்கிழமை அவரை நான் அனுப்ப மாட்டேன்."

"வாயைப் பார்த்தே. தட்டைப் பார்த்தியா?"

கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள் ஃபுவாதினோ. கறி வைத்தது வைத்தபடி இருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பிய்த்திருந்தது.

"அய்யய்யோ, அப்போ எதை மெல்றார்?"

"வெறும் வாயை. நாலு வாய்க்கு மேல அவருக்கு உள்ளே இறங்காது."

"எழுந்துக்க வேண்டியதுதானே?"

"நல்லா சொன்னே போ! போதகர் கை கழுவிட்டா அப்புறம் அந்த மேசையில யாராவது ஒரு வாய் வைப்பாங்களா? ஊர் திரும்பின முதல் ஞாயித்துக்கிழமை, யோசிக்காம சட்டுனு கை கழுவிட்டார். எல்லாரும் அரைகுறையா தட்டைத் தள்ளிட்டாங்க. அதுல ஒருத்தர், சக்கரைக்கு ஊசி போட்டுட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர். ஊசிக்கு மேல வயிறு நிறையலைன்னா சக்கரை ஒரேயடியா தாழ்ந்துடுமே."

ஃபுவாதினோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் வேர்த்துக் கொட்டி, நடுரோட்டில் செமிசி மயங்கி விழுந்தான். 'போதகர் வீட்டுச் சாப்பாட்டுல ஏதோ கோளாறு' என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்தான்.

"உன் புருஷன் விழுந்த சேதி கேட்டதுலேர்ந்து இவருக்கு நிம்மதியே போச்சு" என்றாள் மாகெரிட்டா.

வெட்கமும் அழுகையும் ஒன்றாய் முட்ட, மறுபடி இடுக்கில் பார்த்தாள்.

செமிசி கடைசிக் கிழங்குத் துண்டையும் விழுங்கி, திருப்தியாக வயிற்றைத் தடவிக்கொண்டான்.

ஓரக்கண்ணால் அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்த போதகர், அதற்குப் பிறகுதான் கை கழுவும் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார்.