எழுதியவர் எழுந்து நிற்கவும்

முன்வரிசையில் முதலாளி சிவராஜ் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் முனீஸ் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான்.

அவருடைய பனியன் கம்பெனியில்தான் அவன் ஓவர்லாக் மிஷினில் தைக்கும் டெய்லர். அவரைக் கிழிகிழியென்று கிழித்து அவன் எழுதிய கதை, மேடையிலிருந்த அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது.

மாதக் கடைசி ஞாயிறு நடக்கும் எழுத்தாளர் சந்திப்பில் ஒரு வழக்கம் உண்டு. கதையில் பெயர் போடாமல் பெட்டியில் போட வேண்டும். கீதாஞ்சலி டீச்சர் ஒன்றை எடுத்து வாசிப்பார். எல்லோரும் நல்லது கெட்டது சொல்லி முடித்த பிறகுதான் எழுதியவர் எழுந்து நிற்க வேண்டும். முகத்துக்காக யாரும் பாராட்டிவிடக் கூடாதாம்.

நல்ல வழக்கம்தான். ஆனால், தொகுப்பு நூல் போட நன்கொடை வேண்டுமென்று திருப்பூர் பனியன் முதலாளிகளையெல்லாம் இந்த மாதம் கூப்பிட்டிருப்பதை முனீஸிடம் யாரும் சொல்லவில்லையே!

சட்டைப் பையில் செல்போன் துருத்திக்கொண்டிருக்க, முன்வரிசை முழுக்க அவர்கள்தான்.

"அக்கா, போயி என் கதைய எடுத்துட்டு வந்துரட்டுமா?" என்றான் பக்கத்திலிருந்த ரோஸ்மேரியிடம். வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே கவிதை எழுதுகிறவர். தூத்துக்குடிக்காரர்.

"சும்மா இருல. அத்தனை கதை கெடக்கு, உன்னுதா வரப்போவுது?"

வந்தது.

டீச்சர் வாசித்தார். கதையில் ஒரு முதலாளி. அவர் கம்பெனிக் கடிகாரம் காலையில் வேகமாக ஓடும், சாயங்காலம் நொண்டும். ஸ்டூல் போட்டு ஏறி அவரே முள்ளைத் திருப்பி வைப்பார். ஒருநாள் ஸ்டூலோடு விழுந்துவிடுகிறார். தூக்க ஆள் கூப்பிட்டால், கடிகாரத்தில் இன்னும் ஷிப்ட் முடியவில்லை என்று யாரும் மிஷினை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள்.

பின்வரிசைகள் சிரித்து உருண்டன. சிவராஜ் திரும்பிப் பார்த்தார். முனீஸ் முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

நாலைந்து கதை அச்சில் வந்த தெம்பில் எல்லாரையும் குறை சொல்கிற திருமூர்த்தியே இன்றைக்கு இறங்கி வந்தார்.

"முதலாளியை வில்லனாட்டக் கத்த விடாம, ஸ்டூல் மேல ஏத்தி விட்டாரு பாருங்க. அங்கதானுங்க கதை நிக்குது!"

கோவையிலிருந்து வந்திருந்த பத்திரிகை உதவி ஆசிரியர் மைக்கை வாங்கினார். "எழுதினவர் பேரும் விலாசமும் குடுத்தா, அடுத்த இதழ்லயே போட்டுருவோம்ங்க."

முனீஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். முதல் கதை! எழுந்தால் அச்சில் பெயர் வரும், வேலை போகும். எழாவிட்டால் வேலை இருக்கும், கதை அநாதையாகிவிடும்.

"எழுதுனவங்க எந்திரிங்க" என்றார் டீச்சர்.

ஆனது ஆகட்டும் என்று முனீஸ் நாற்காலியின் கையைப் பிடித்தான்.

அதற்குள் முன்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார்.

"நான்தானுங்க" என்றார் சிவராஜ்.

"ஏனுங்க, நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களா?" என்றார் டீச்சர்.

"என்னமோ கிறுக்குவேனுங்க. வேற ஆரைப் பத்தி எழுதினாலும் சண்டைக்கு வருவாங்க. அதுதான் என்னைப் பத்தியே எழுதிப்போட்டேன்."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பக்கத்து முதலாளிகள் அவர் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

முனீஸுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. என் உழைப்பைத்தான் எடுத்துக்கொண்டார், கதையையுமா?

"எந்திரிச்சுச் சொல்லுல!" என்று ரோஸ்மேரி இடித்தார்.

"சொன்னா யாருக்கா நம்புவாக?"

கூட்டம் முடிந்து எல்லோரும் போண்டாவுக்குப் போனபோது, அவன் மட்டும் மாடிப்படி இறங்கி சைக்கிளை எடுத்தான். தோளில் ஒரு கை விழுந்தது.

"கதை நல்லாருக்குது முனீஸு."

"யாரு கதை மொதலாளி? உங்க கதையா?" வாய் கட்டுப்படவில்லை.

சிவராஜ் சிரித்தார். "பின்னால அத்தனை பேரும் சிரிச்சாங்க. நீ ஒருத்தன்தான் வேர்த்து வழிஞ்சுட்டிருந்தே. கண்டுபுடிக்கறது கஷ்டமா? பத்திரிகைக்காரரைத் தனியாக் கூப்பிட்டு உம்பேரைச் சொல்லிப்போட்டேன். புனைபெயர் ஒண்ணு வெச்சு அனுப்பு, போட்டுருவாரு."

முனீஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்களுக்குக் கோவமே வரலையா மொதலாளி?"

"வராம இருக்குமா? கீழ உளுந்து கெடக்கறவனைத் தூக்க ஆளில்லைன்னு எழுதிப்போட்டியே. அது சுருக்குன்னு குத்திருச்சு கண்ணு."

"பெறகு எதுக்கு நீங்க எந்திரிச்சிய?"

சிவராஜ் மாடி வராந்தாவைப் பார்த்தார். முன்வரிசைக்காரர்கள் ஆளுக்கொரு போண்டாவோடு சிரித்துக் குலுங்கிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நான் எந்திரிச்சதுக்கு அப்பறந்தான் அவுங்க சிரிச்சாங்க. அது வரைக்கும் ஒவ்வொருத்தரும், எந்த டெய்லரோ தன்னைப் பத்தித்தான் எழுதிப்போட்டான்னு பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. நீ மட்டும் எந்திரிச்சிருந்தீன்னா, திருப்பூர்ல என்னைத் தவுர ஒருத்தரும் உனக்கு வேலை குடுத்திருக்க மாட்டாங்க!"