மேல்வரிசை

காலை ஐந்தரை மணிக்கு, சமயநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில், நான் இறந்துபோயிருந்தேன்.

என் மகள் பவதாரிணிக்குக் காதணி விழா. இருபதுக்குப் பத்து அடியில் ப்ளக்ஸ். அதன் மேல்வரிசையில் 'தெய்வமாய் நின்று வாழ்த்துவோர்' என்று போட்டு மூன்று வட்டங்கள். முதல் வட்டத்தில் அப்பா நல்லகாமன். இரண்டாவதில் அம்மா ஒச்சாயி. மூன்றாவதில் நான்.

மூன்று பேருக்கும் கீழே ஆளுக்கொரு குத்துவிளக்கு எரிந்தது.

ப்ளக்ஸின் அடியில், 'அன்புடன் அழைக்கும் பால்பாண்டி – கனகா' என்று சிவப்பில் இருந்தது. மேலே போய்ச்சேர்ந்தவனே கீழே நின்று ஊரை அழைக்கிறான்.

கட்டி முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கியவரிடம் காட்டினேன். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அட, நீங்களாண்ணே இது? உங்க அண்ணன்னுல்ல நெனச்சேன்."

ஆரப்பாளையத்தில் ப்ளக்ஸ் அடித்த கடைக்காரனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தான். வாட்ஸப்பில் ஒரு நிமிடம் வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன்.

"அவுத்துருங்க" என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் மச்சான் கண்ணில் பட்டார்.

ப்ளக்ஸின் நடுவில் ஆறடி உயரத்துக்கு, கறுப்புக் கண்ணாடியும் முறுக்கிய மீசையுமாக நின்றார் கனகாவின் அண்ணன் விருமாண்டி. தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும்.

அந்த மடிக்காக மூன்று வருடம் காத்திருந்தோம். எங்கள் புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் தன் பெயர் நான்காவது வரிக்குப் போய்விட்டது என்று பேச்சை நிறுத்தியவர். பவதாரிணிக்கு ஆறு வயதாகிவிட்டது. அவள் வகுப்பில் கம்மல் போடாத பெண் அவள் ஒருத்திதான்.

'ப்ளக்ஸுல நடுவுல நீங்கதான் மச்சான்' என்று சொல்லித்தான் வரவைத்திருந்தேன்.

ஏழு மணிக்கு மேளதாளத்தோடு சீர் கொண்டு வருவார். வாசலில் தன்னைக் காணோம் என்றால், கிடாயையும் ஓட்டிக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவார்.

நான் பிழைக்க வேண்டுமென்றால் மச்சான் இறங்க வேண்டும்.

"எம் படத்துல மட்டும் ஒரு தாள ஒட்டிரலாமா?"

"ஒட்டுனா எல்லாரும் அங்கிட்டுத்தாண்ணே பாப்பாக."

விட்டுவிட்டேன்.

மச்சான் வந்தார். பின்னால் முப்பது தாம்பாளம், இரண்டு கிடாய், இடைவிடாத வெடி. ப்ளக்ஸுக்கு முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். கை தூக்கி மேளத்தை நிறுத்தச் சொன்னார்.

"மாப்ள, இதுதான்யா மரியாதை" என்று என்னைக் கட்டிப்பிடித்தார்.

மேளம் மறுபடி கிளம்பியது.

பவதாரிணி அவர் மடியில் உட்கார்ந்து, ஊசி காதைத் தொடும் முன்பே, "அப்பா" என்று அலறினாள். அப்பாவான நான் கூட்டத்துக்குப் பின்னால் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிவரை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பயந்தேன்.

பத்து மணிக்கு மேல், ஒருத்தராவது பார்க்க மாட்டாரா என்று இருந்தது.

போய் என் வட்டத்துக்கு நேர் கீழே நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டேன். மச்சான் படத்தோடு செல்ஃபி எடுக்க வந்தவர்கள், "கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணே, மறைக்குது" என்றார்கள்.

மேலூரிலிருந்து என் தங்கை முத்துமீனா வந்தாள். மேல்வரிசையை அண்ணாந்து பார்த்தாள். கண் கலங்கினாள். மூன்று வட்டத்துக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "பந்தி எங்கிட்டுண்ணே?" என்றாள்.

இரண்டு மணிக்குக் கனகா வெளியே வந்தாள். பட்டுச்சேலையும் வியர்வையுமாக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கண்ணே எம்புட்டு கெத்தா இருக்காரு பாத்தீங்களா?"

"இன்னும் கொஞ்சம் மேல பாரு" என்றேன்.

பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

"ஆமா, வெயிலு கொளுத்துது. இங்கன ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க."

கடைசிப் பந்தியில் உட்கார்ந்தபோது மூன்று மணி. கறி தீர்ந்து குழம்பு மட்டும் வந்தது. அப்போதுதான் ப்ளக்ஸ் கடைக்காரன் கூப்பிட்டான்.

"எதுக்குண்ணே இம்புட்டு ஏசுறீக? மூணு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணா அனுப்புனீக. மூணும் ஒரே மாதிரி இருந்துச்சு, ஒரே வரிசையில வச்சேன். அடிக்கிறதுக்கு முன்ன ஒங்களுக்கு அனுப்பிக் கேட்டேன்ல? நீங்கதான அடிக்கச் சொன்னீக?"

பாஸ்போர்ட் சைஸ் என்றது உண்மை. என் போனில் நாலாயிரம் படம் இருக்கிறது. கனகா, பவதாரிணி, பவதாரிணியின் முதல் பல், முதல் நாள் பள்ளிக்கூடம், எல்லாம் இருக்கிறது. நான் எதிலும் இல்லை. எல்லாம் நான் எடுத்தவை. பேங்க் பாஸ்புக்குக்கு எடுத்த படத்தைத்தான் தேடி அனுப்பினேன்.

அடிக்கச் சொன்னதாகச் சொல்கிறானே? எச்சில் கையோடு, இடது கையால் வாட்ஸப்பைத் திறந்தேன்.

முந்தாநாள் சாயங்காலம் அவன் அனுப்பிய ப்ளக்ஸ் படம் அப்படியே இருந்தது. மேலே மூன்று வட்டம், மூன்று விளக்கு. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அரைமணி நேரம் பார்த்தது நினைவிருக்கிறது.

அதற்குக் கீழே என் பதில்கள் வரிசையாக இருந்தன.

'விருமாண்டிக்கு இனிஷியல் விட்டுப்போச்சு.'

'மீசைய இன்னும் கொஞ்சம் கறுப்பாக்குங்க.'

'மத்தபடி யாரும் விட்டுப்போகல. அடிச்சிருங்க.'